படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தீர்களா?

சார்டின் மீன் வரும் பருவம் நெருங்க நெருங்க தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் பழைய படகுகள் கைமாறுகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அலுமினியப் படகுகளைப் பற்றியவை.

கேள்வி: நாலு மீட்டர் படகு ஒன்றைத் தெரிந்தவர் மூலம் வாங்கினேன். "ஒரு சொட்டு இறங்காது" என்றார்கள். இனாண்டா அணையில் விட்ட அரை மணியில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்கே ஒழுகுகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, ஐயா. (சாட்ஸ்வர்த்)

பதில்: நம்பி வாங்கியிருக்கிறீர்கள், ஏமாற்றிவிட்டார்கள். வருத்தமாக இருக்கிறது. ஆனால் படகைக் காப்பாற்றிவிடலாம்.

ஒழுகலைத் தேட அணைக்குப் போக வேண்டாம். படகை ட்ரெய்லரிலேயே வைத்து, அடியில் தண்ணீரை வெளியேற்றும் துளையின் அடைப்பானை முதலில் பாருங்கள். அதன் ரப்பர் வெடித்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அது சரியாக இருந்தால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, உள்ளே பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் படகின் அகலத்துக்கு அதுவே 400 கிலோவுக்குக் கிட்டே வரும். ட்ரெய்லர் தாங்கும் இடங்களோ நாலைந்துதான். அடித்தண்டின் கீழ் மரக்கட்டை கொடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

தண்ணீர் ஓரிடத்தில் கசிந்து, தண்டு வழியே ஓடி, வேறிடத்தில் சொட்டும். அதனால் வெளியே சாக்பீஸ் பொடி தடவுங்கள். பொடி முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் ஓட்டை. மார்க்கரால் வட்டம் போடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி ஒரு முறை, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு முறை பாருங்கள். நின்ற இடத்தில் ஒழுகாத ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அலையில் தகடு வளையும்போது ஒழுகும். ஆகவே ஒருவர் தகட்டைக் கையால் அழுத்த, இன்னொருவர் கீழிருந்து கவனிக்க வேண்டும்.

கேள்வி: வாங்கும்போது படகு ட்ரெய்லரில் இருந்தது, மழையும் பெய்தது. அடிப்பக்கம் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் நடுவில் பெரிய நெளிவு. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: படகு வாங்கப் போனவர் அடியைப் பார்க்காமல் வரலாமா, தம்பி? குனிந்தாலே தெரியும் நெளிவை யாரும் மறைக்கவில்லை. கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: படகு விற்கும் கடையில் இரண்டு மாதத்துக்கு முன் வாங்கினேன். மோட்டாரை மாட்டும் பின்பலகை உள்ளே மக்கிப்போய் இருக்கிறது. ரசீதில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதியிருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். (டொங்காட்)

பதில்: முடியும். கடையை விடாதீர்கள், அம்மா. 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்படும் அந்த ஒற்றைச் சொல் வியாபாரிக்குக் கவசம் ஆகாது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 55, 56ஆம் பிரிவுகளில், குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை தருகிறது. பழைய பொருளுக்கும் அது உண்டு. பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், கடைக்காரர் அல்ல. "பின்பலகை மக்கியிருக்கிறது" என்று வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுங்கள்.

வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டம் உதவாது. அங்கே அந்தச் சொல் செல்லும். விற்றவர் குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று காட்டினால்தான் வழி உண்டு.

கேள்வி: கசியும் ரிவெட்டுகள் மேல் குளியலறை சிலிக்கோன் பூசினேன். ஒரு மாதம் நின்றது. மறுபடி ஒழுகுகிறது. இன்னும் தடித்துப் பூசலாமா? (மெர்பேங்க்)

பதில்: கூடவே கூடாது. இதைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் மனம் ஆறாது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் புதுச் சாம்பல் பெயின்ட் அடித்த ஒரு படகை 9,000 ரேண்டுக்கு வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. முதல் வாரத்திலேயே பெயின்ட் பாளம் பாளமாக உரிந்தது. கீழே ஒவ்வொரு ரிவெட் தலையிலும் சிலிக்கோன். அதன் மேல் பெயின்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. ரசாயனம் ஊற்றினாலும் முழுதாகக் கரையாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நானும் என் மகனும் மூன்று வாரக் கடைசிகள் சுரண்டினோம். விற்பதற்கு முந்தின நாள் சிலிக்கோன் பூசிப் பெயின்ட் அடிப்பவர், வாங்குபவரின் பணத்தோடு அவர் பிள்ளைகளின் உயிரையும் தண்ணீரில் விடுகிறார். புதுப் பெயின்ட் அடித்த பழைய படகைக் கண்டால் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள். விற்பவர் தண்ணீர் ஊற்ற விடவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

உங்கள் படகுக்கு வருவோம். சிலிக்கோனை முழுக்கச் சுரண்டுங்கள். துருப்பிடிக்காத எஃகுப் பிரஷ் மட்டும் பயன்படுத்துங்கள். சாதா இரும்புப் பிரஷ் விட்டுப் போகும் இரும்புத் துகள் அலுமினியத்தை அரிக்கும். தளர்ந்த ரிவெட்டின் வெளித்தலையில் ஒருவர் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளிருந்து இன்னொருவர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் அது மறுபடி இறுகும். அதற்கும் இறுகாததைத் துளையிட்டு எடுத்து, கடல் வேலைக்கான பாலியுரித்தேன் பசையில் தோய்த்துப் புதுக் கெட்டி அலுமினிய ரிவெட் அடியுங்கள். உள்பக்கம் கை எட்டாத இடத்தில் முனை மூடிய ரிவெட் போடலாம். ஹார்டுவேர் கடையின் சாதாரண பாப் ரிவெட் வேண்டாம். அதன் நடுவே துளை இருக்கிறது, அதன் வழியே தண்ணீர் வரும்.

கேள்வி: ஒழுகும் ரிவெட் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து மூடிவிடலாம் என்கிறார் என் கணவர். (வெருலம்)

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். மெல்லிய தகட்டில் அந்தச் சூடு பக்கத்து ரிவெட்டுகளையும் தளர்த்தும். ஒன்றை மூடப் போய் மூன்று திறக்கும்.

கேள்வி: பின்பலகையை மாற்ற, மருந்து ஏற்றிய பச்சை நிற பைன் பலகை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஐசிபிங்கோ)

பதில்: வாங்காதீர்கள். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பு பட்டால் அலுமினியம் அரித்துப் போகும். நல்ல மரைன் பிளைவுட் வாங்கி, ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் எபாக்சி பூசி, காய்ந்த பிறகு பொருத்துங்கள்.