பாறைக் குட்டையில் மாட்டிக்கொள்ளும் குட்டி மீனுக்குக் கடலுக்குத் திரும்ப வழி தெரியுமா?

கடல் உள்வாங்கும்போது கரைப் பாறைக் குழிகளில் தங்கிவிடும் சின்ன மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன, திரும்பிப் போக வழி தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில மீன்களுக்கு நன்றாகவே தெரியும். நான் ஒகேனக்கல் பக்கத்துப் பென்னாகரத்துக்காரன். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் அந்த மீனின் பங்காளி ஒருத்தனைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அவன் பெயர் உளுவை.

ஒகேனக்கல்லில் கோடையில் ஆறு இளைத்துவிட்டால் பாறைப் பள்ளங்களில் அங்கங்கே தண்ணீர் தேங்கி நிற்கும். கெண்டைக் குஞ்சு, ஆரால், உளுவை என்று எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். கையை விட்டதும் கெண்டைக் குஞ்சுகள் சிதறி ஓடும். உளுவை ஓடாது. பாறை நிறத்திலேயே, வயிற்றைத் தரையோடு வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். கண் இரண்டும் தலைக்கு மேலே இருப்பதால் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். பிடித்துத் திருப்பினால், வயிற்றுப் பக்கத்துத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குட்டிக் கிண்ணம் போல இருப்பது தெரியும். கடல் பாறைக் குட்டைகளில் இருக்கும் மீன்களில் பல இதே உளுவைக் குடும்பம்தான். அதே கிண்ணம் அவற்றுக்கும் உண்டு. அலை அடிக்கும் இடத்தில் பாறையைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது.

எங்கள் ஆற்றுப் பள்ளத்துக்கு அடுத்த தண்ணீர் மழையையும் மேலே இருக்கிற அணைகளையும் பொறுத்தது. சித்திரை வெயிலில் பள்ளம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் சேறும் செத்த மீனும் மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன். கடலில் அந்தக் கவலை இல்லை. வற்றிய தண்ணீர் சுமார் ஆறு மணி நேரத்தில் மறுபடியும் ஏறிவிடும். ஆனால் அந்த ஆறு மணி நேரம் லேசுப்பட்டதில்லை. மதிய வெயிலில் குட்டை சூடாகும், தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். மழை பெய்தால் நேர்மாறாக உப்பு இறங்கும். இராத்திரியில் பாசியும் மூச்சு விடுவதால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஒலிகோகாட்டஸ் மாகுலோசஸ் என்று ஒரு குட்டி மீன் இருக்கிறது. இது உளுவைக் குடும்பம் இல்லை. ஆக்சிஜன் குறைந்தால் காற்றையே சுவாசித்துச் சமாளிக்கும். வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் வாசனை பிடித்துத் தன் குட்டைக்கே திரும்பிவிடும்.

இப்போது வழி விஷயத்துக்கு வருகிறேன். அட்லாண்டிக் கரையில் பாத்திகோபியஸ் சொபொரேட்டர் என்று ஓர் உளுவை உண்டு, விரல் நீளம்தான். ஆபத்து வந்தால் இருக்கும் குட்டையிலிருந்து எம்பிப் பக்கத்துக் குட்டையில் போய் விழும். அங்கிருந்து இன்னொன்று, அப்படியே கடல் வரை. தாவும் இடத்திலிருந்து அடுத்த குட்டை அதன் கண்ணுக்கே தெரியாது. அப்படியும் பாறையில் விழாமல் தண்ணீரில் விழுகிறது. எப்படி? நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் லெஸ்டர் அரான்சன் இதை ஆராய்ந்து 1951இல் எழுதினார். கடல் ஏறி பாறை முழுக்க மூழ்கியிருக்கும்போது இந்த மீன் அதன்மேல் நீந்துகிறது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அப்போதே மனப்பாடம் செய்துகொள்கிறது. செயற்கைக் குட்டைகள் கட்டி அவர் சோதித்தபோது, ஒரே ஒரு தடவை தண்ணீர் ஏறி இறங்கியதே மீனுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு 40 நாள் வேறு இடத்தில் வைத்திருந்து திரும்ப விட்டாலும் மறக்கவில்லை என்று 1971இல் எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தாய்மாமா ஞாபகம்தான் வந்தது. பரிசல் ஓட்டியவர். கோடையில் வேலை இல்லாத நாளிலும் காய்ந்த பாறைமேல் நடந்துகொண்டே இருப்பார். ஏன் மாமா என்று கேட்டால், “இப்பப் பாத்து வெச்சுக்காதவன் தண்ணி ஏறினப்ப துடுப்பத் தொடக் கூடாது மாப்ளே” என்பார். மீன் செய்வது அதையேதான், தலைகீழாக. மாமா காய்ந்திருக்கும்போது படித்துக்கொண்டு மூழ்கியபோது ஓட்டினார். மீன் மூழ்கியிருக்கும்போது படித்துக்கொண்டு காய்ந்தபோது தாவுகிறது. ‘மீனுக்கு ஞாபகமே கிடையாது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, நேரில் பார்க்க ஆசை இருந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் போங்கள். நான் அங்கே முதல் அரை மணி நேரம் ஒரு மீனையும் பார்க்கவில்லை. குனிந்து குனிந்து பார்த்ததில் என் நிழல் குட்டையில் விழுந்து எல்லாம் ஒளிந்துகொண்டிருந்தன. அப்புறம் வெயிலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து அசையாமல் இருந்தேன். கல் என்று நினைத்த ஒன்று ஒரு விரற்கடை நகர்ந்தது. அதே தலைமேல் கண்.

நம் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். வழுக்கும், செருப்பு கவனம். கல்லைப் புரட்டிப் பார்த்தால், எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். இந்த மீன்கள் கல்லின் அடிப்பக்கத்தில்தான் முட்டையை ஒட்டி வைக்கும். ஆண் மீன் காவலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.