கேஸ் இறங்கிவிட்டதா, காற்று அடைபட்டதா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தானில் உள்ளது. நாங்கள் சென்னையில் வசிப்பதால், பொங்கலுக்கும், முன்னோருக்குப் படைத்து வழிபடும் படைப்புக்கும், பங்காளி வீட்டுக் கல்யாணங்களுக்கும் மட்டுமே வந்து வீட்டைத் திறப்போம். இரண்டாம் கட்டில் 12 ஆண்டுப் பழைய டபுள் டோர் ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. இம்முறை படைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்து அதை ஓடவிட்டோம். முதல் நான்கு நாட்கள் நன்றாகக் குளிர்ந்தது. அதன்பின், மேலே ஐஸ் கட்டி உறைகிறதே தவிர, கீழ்த்தட்டில் வைத்த பால் மறுநாள் திரிந்துவிடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேஸ் இறங்கிவிட்டது, ஏற்ற 3,500 ரூபாய் ஆகும் என்றார். என் மாமியாரின் இன்சுலினும் அதில்தான் உள்ளது. கேஸ் ஏற்றலாமா, புதிது வாங்கிவிடலாமா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முதல் வேலையாக இன்சுலினை எடுத்துப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். பால் கெட்டால் முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடலாம். இன்சுலின் வீரியம் இழந்ததைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சரியாகக் குளிராத பெட்டியில் அது எத்தனை நாள் இருந்தது என்பதைச் சொல்லி, அதையே தொடர்ந்து போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கேஸ் விஷயத்துக்கு வருவோம். ஃபிரிட்ஜில் உள்ள கேஸ், அடுப்புச் சிலிண்டரில் உள்ளதைப் போலப் பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோவதன்று. அடைத்து மூடிய குழாய்க்குள், தொழிற்சாலையில் ஏற்றிய அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். எனவே எந்த இடத்தில் கசிகிறது என்பதைக் காட்டாமல் கேஸ் இறங்கிவிட்டது என்று மட்டும் சொல்பவருக்குப் பணத்தை எண்ணி வைக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரியே நோயைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கிறது: முதல் நான்கு நாட்கள் நன்றாகக் குளிர்ந்தது என்பது. வழக்கமான டபுள் டோர் ஃபிரிட்ஜில் கீழ் அறைக்கெனத் தனிக் குளிர்க்குழாய் கிடையாது. மேலே ஃப்ரீஸரின் பின்பலகைக்குள் ஒரே ஒரு குளிர்க்குழாய்த் தொகுதி இருக்கும். அதன் குளிரை ஒரு சிறிய ஃபேன் ஃப்ரீஸருக்குள்ளும், துவாரம் வழியாகக் கீழ் அறைக்கும் தள்ளும். கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழைகிற ஈரக்காற்று அந்தக் குழாய்களின்மீது வெண்பனியாகப் படியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் சிறிது நேரம் எரிந்து அப்பனியை உருக்கி வடித்துவிட வேண்டும். அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் டைமரோ, அதனுடன் சேர்ந்த, வெப்பநிலைக்கேற்பத் தானே இணைந்து பிரியும் பைமெட்டல் சுவிட்சோ, ஃபியூஸோ பழுதானால் பனி நாளுக்கு நாள் கனத்து, நான்கைந்து நாளில் காற்றுப் பாதையையே அடைத்துவிடும். குளிர்க்குழாயை ஒட்டியிருப்பதால் மேலே ஐஸ் உறைந்துகொண்டே இருக்க, கீழே காற்று இறங்காமல் பால் திரியும்.

இதை நீங்களே செலவின்றிச் சோதிக்கலாம். பொருட்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் முழுமையாகத் திறந்து, 24 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். ஆறு மணி நேரம் போதுமே என்று தோன்றும். பலகைக்குப் பின்னால் உள்ள பனி அவ்வளவு விரைவில் கரையாது. கீழே பழைய துண்டுகளை விரித்து வையுங்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் நின்றால் வழுக்கும். கத்தி, ஸ்க்ரூடிரைவர், கொதிநீர் ஆகியவற்றை அதனருகே கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய குழாய், அதில் ஓட்டை விழுந்தால் இதுவரை இல்லாத கேஸ் கசிவை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

மறுநாள் ஓடவிட்டதும் கீழறையும் பழையபடி குளிர்ந்து, மீண்டும் நான்கைந்து நாளில் அதே கதை திரும்பினால், பழுது பனி உருக்கும் அமைப்பில்தான் என்று ஏறத்தாழ உறுதி செய்துகொள்ளலாம். படைப்பு முடியும் வரை இந்த வைத்தியத்தையே ஒருமுறைக்கு இருமுறை செய்து ஒப்பேற்றிவிடவும் முடியும். பனி முற்றிலும் உருகிய பிறகும் கீழே குளிரவில்லை என்றால் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். பல மாடல்களில் கதவைத் திறந்தவுடன் ஃபேன் நின்றுவிடும். ஆகவே கம்ப்ரஸர் ஓடும்போது ஃப்ரீஸர் கதவைத் திறந்து, கதவோரத்துச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஃபேன் சுற்றும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள்.

ஐஸ் உறைகிறது, ஆகவே கேஸ் நிறைய இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. தண்ணீர் 0 டிகிரியிலேயே உறைந்துவிடும். நல்ல ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கேஸ் ஓரளவு குறைந்த பெட்டியிலும் ஐஸ் கட்டி உறையலாம், ஐஸ்கிரீம் மட்டும் குழைந்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஃப்ரீஸரின் பின்பலகையைக் கழற்றிக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். குழாய்த் தொகுதி முழுவதும் கனத்த பனி போர்த்தியிருந்தால் ஹீட்டர் பக்கத்துப் பழுது. முதல் இரண்டு மூன்று குழாய்களில் மட்டும் பனி படிந்து மற்றவை வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பார்த்து இவ்வளவையும் ஒருவர் அறிந்துவிட முடியாது.

உங்கள் வீட்டைப் போன்ற வளவு வீடுகளில் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். தடித்த சுவர்களுக்குள் கூடம் சித்திரையிலும் குளிர்ச்சியாக இருக்கிறது. ஃபிரிட்ஜையோ சாமான் அறையின் மூலையிலோ இரண்டு பீரோக்களுக்கு இடையிலோ நெருக்கி வைத்துவிடுகிறோம். உள்ளே உள்ள வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை என்பதால், பின்னால் ஒரு சாண் இடைவெளியும் பக்கங்களில் சிறிதளவு இடமும் வேண்டும். பின்புறம் கறுப்புக் கம்பிவலை தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒட்டடையை மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். வலை தெரியாத மாடல்களில் வெப்பக்குழாய் பக்கச் சுவர்களுக்குள் இருப்பதால், பக்கங்கள் சுடுவது பழுதாகாது. கதவின் ரப்பர் காஸ்கெட்டுக்கு, ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் ஈரக்காற்று நுழைகிறது என்று பொருள்.

கம்ப்ரஸர் உறுமிவிட்டு, டிக்கென்ற ஒலியுடன் நின்று, சில நிமிடம் கழித்து மீண்டும் உறுமுவதாக இருந்தால் அது வேறு கதை: மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், அல்லது கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே என்ற சிறு பாகம் போயிருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வருகிறது என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். ரிலே சிறிய செலவுதான். அதை மாற்றிப் பார்க்காமல் கம்ப்ரஸரை மாற்றுவது அநியாயம்.

ஹீட்டர், பைமெட்டல், ஃபேன் ஆகியவற்றில் எது பழுதானாலும் சரிசெய்துகொள்ளுங்கள். கம்ப்ரஸரே போய்விட்டது என்றால் 12 ஆண்டுப் பெட்டிக்குச் செலவழிக்க மாட்டேன். அப்படிப் புதிது வாங்க நேர்ந்தால், ஆண்டில் முப்பது நாள் திறக்கும் வீட்டுக்கு 5 ஸ்டார் மாடலுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஸ்டார் லேபிளில் அச்சிட்டிருக்கும் யூனிட் கணக்கு ஆண்டு முழுவதும் ஓடுவதற்கானது. அந்தச் சேமிப்பு உங்களுக்குக் கிடைக்காது. ஃபேனும் ஹீட்டரும் இல்லாத எளிய சிங்கிள் டோரே போதும்.

கேள்வி: எங்கள் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜுக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை கேஸ் ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் மூன்று மாதம்தான் தாங்கியது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கசிவை அடைக்காமல் ஊற்றிய கேஸ் கசிந்துதானே போகும். முறையான வேலை என்பது, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, ஃபில்டரைப் புதிதாக மாற்றி, வேக்யூம் பம்பினால் குழாயை வெறுமையாக்கி, லேபிளில் குறித்துள்ள வகையை, குறித்துள்ள கிராம் அளவுக்கு எடைபோட்டு ஏற்றுவதாகும். லேபிளில் ஆர்-600ஏ என்றிருந்தால் அது எளிதில் தீப்பற்றும் வகை, பழகியவர் மட்டுமே தொட வேண்டும். ஆர்-134ஏ உள்ள பெட்டிக்கு அதையே ஏற்ற வேண்டும். ஃப்ரீஸர் ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்கும் பழக்கம் வீட்டில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், சிங்கிள் டோரில் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கசிவு சுவருக்குள் ஃபோமுக்கு நடுவில் இருந்தால் பெட்டியை மாற்றிவிடுவதே மேல்.

பணத்தைக் கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதுநீக்குவதும் ஒரு சேவையே. பில் இருந்தால், முதலில் அந்தக் கடைக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரளியுங்கள். அதற்கும் பயனில்லை என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் வாய்வார்த்தையில் கொடுத்த பணத்துக்கு இவை எல்லாம் கடினம். அடுத்த முறை என்ன செய்தார், எத்தனை மாதம் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கையில் கேளுங்கள்.

கேள்வி: வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜை ஓடவிட்டுச் செல்வது நல்லதா, நிறுத்துவது நல்லதா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஒரு மாதத்துக்கு மேல் போவதானால் நிறுத்திவிடுங்கள், ஆச்சி. உள்ளே துடைத்து நன்றாக உலர்த்தி, கதவு மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனால் பூஞ்சை வராது. திரும்பி வந்ததும், எலி கடித்த ஒயர் ஏதும் இருக்கிறதா என்று பின்னால் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். கதவைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால், எர்த் பார்க்காமல் அதை ஓடவிடவே கூடாது.