ரெவிட் தெரியாமல் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

தம்பி, ஊரில் எட்டு வருடம் ஆட்டோகேடில் கட்டட டிராயிங் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே வந்து தேடினால் விளம்பரத்துக்கு விளம்பரம் ரெவிட் என்ற முப்பரிமாணக் கட்டட மென்பொருளைக் கேட்கிறார்கள். மனதுக்குப் பிடித்த ஒரு வேலை வந்திருக்கிறது, அதிலும் ரெவிட். கற்றுக்கொண்டு விண்ணப்பிப்பதா, ஆட்டோகேடுக்கே வேறு இடம் அமையும்வரை காத்திருப்பதா என்பது உங்கள் கேள்வி.

விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புங்கள். கற்கவும் இந்த வாரமே தொடங்குங்கள். விண்ணப்பத்தை ஒருவர் படித்து, கூப்பிட்டு, இன்டர்வியூவுக்கு நாள் குறிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளி உங்களுக்குப் போதும்.

கட்டடம் தெரிந்தவனுக்கு மென்பொருள் எம்மாத்திரம் என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு. ஊரில் இருக்கும்வரை அது சரி. புதிதாக வெளிநாட்டுக்கு வந்தவருக்குப் பொருந்தாது. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு நீங்கள் வேலை பார்த்த கம்பெனியைத் தெரியாது, படித்த கல்லூரியைத் தெரியாது. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இங்கே ஆளும் இல்லை. அந்தத் தாளில் அவருக்குப் பழக்கமான பெயர் மென்பொருளின் பெயர் மட்டும்தான். இங்கேயே படித்து வளர்ந்தவர் ரெவிட் தெரியாமலேகூட உள்ளே போய்விடலாம், அவருக்காகப் பேச நாலு பேர் இருப்பார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. இன்டர்வியூ எடுக்கும் பக்கம் சில வருடங்களாக உட்காருகிறேன். கைதேர்ந்த நம்மவர்களின் விண்ணப்பங்கள் இந்த ஒரு பெயர் இல்லாததால் முதல் சுற்றிலேயே ஒதுங்கிப்போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, இது சீக்கிரம் அடங்கிவிடும் அலை இல்லை. சிங்கப்பூரில் 2015 முதல், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத் திட்டங்களை அனுமதிக்குச் சமர்ப்பிக்கவே பிம் மாதிரி, அதாவது கட்டடத்தின் தகவல்களையும் சேர்த்து வைத்திருக்கும் முப்பரிமாணக் கணினி மாதிரி, வேண்டும் என்றாகிவிட்டது. பிரிட்டனில் 2016 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு பிம் கட்டாயம். பிம் என்றால் ரெவிட் மட்டுமல்ல. ஆர்க்கிகேட் வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு, இரும்புக் கட்டமைப்பு என்றால் டெக்லா கேட்பார்கள். நீங்கள் இருக்கும் ஊரில், உங்கள் துறையில் வந்த விளம்பரங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்தான் நீங்கள் கற்க வேண்டியது. ஒரே ஒரு கம்பெனி மட்டும் கேட்கும் மென்பொருளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அதை அவர்களே சொல்லித் தருவார்கள்.

இப்போது ரெவிட்டுக்கு வருவோம். பட்டன்கள் சில நாளில் பழகிவிடும். சிரமம் பழக்கத்தை மாற்றுவதில்தான் இருக்கிறது. ஆட்டோகேடில் நாம் கோடு போடுகிறோம். ரெவிட்டில் சுவரையே வைக்கிறோம், பிளானும் செக்‌ஷனும் எலிவேஷனும் அதே சுவரின் வெவ்வேறு பார்வைகள். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். ஆட்டோகேடில் அளவு 2,990 என்று காட்டினால், கோட்டைத் தொடாமல் எழுத்தை மட்டும் 3,000 என்று மாற்றிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ரெவிட்டில் அளவுக்கு மேல் வேறு எண்ணை எழுதிப் பாருங்கள், ஏற்காது. எண்ணுக்குப் பதில் விளக்கச் சொல் வேண்டுமானால் எழுது என்று எச்சரிக்கை வரும். 3,000 வேண்டுமென்றால் சுவரைத் தேர்ந்தெடுத்து அளவை மாற்ற வேண்டும், அப்போது சுவரே நகரும். பழகிய கைக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். தளத்தில் ஒரு முறை அளவு பிசகி அவதிப்பட்டவருக்கு அதன் அருமை உடனே புரியும்.

இன்டர்வியூவில் சின்ன வீட்டுப் பிளான் ஒன்றைக் கொடுத்து வரையச் சொல்வது வழக்கம். எல்லாவற்றையும் முடித்தாரா என்று நான் பார்ப்பதில்லை, எங்கிருந்து தொடங்குகிறார் என்றுதான் பார்ப்பேன். தெரிந்தவர் முதலில் லெவலையும் (தள உயரக் குறி) கிரிட்டையும் (தூண் வரிசைக் கோடுகள்) வைப்பார். பிறகு சுவரின் மேல்முனையை அடுத்த லெவலோடு இணைப்பார். தெரியாதவர் நேராகச் சுவருக்குப் போய், அன்கனெக்டட் (எந்த லெவலோடும் இணையாதது) என்று வருவதை அப்படியே விட்டுவிடுவார். மாடி உயரத்தை 300 மில்லிமீட்டர் கூட்டச் சொன்னால் அவருடைய சுவர்கள் பழைய உயரத்திலேயே நிற்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாலே நீங்கள் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

கற்க நிறையச் செலவாகுமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் கட்டத்துக்குப் பெரிய கட்டண வகுப்பு தேவையில்லை. ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் இலவசச் சோதனைப் பதிப்பு தருகிறது. விண்டோஸ் கணினி வேண்டும், மேக்கில் நேரடியாக ஓடாது. ஊரில் நீங்களே வரைந்து, கட்டி முடித்த ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொண்டு முழுதாக ரெவிட்டில் போடுங்கள்: பிளான், இரண்டு செக்‌ஷன், நான்கு எலிவேஷன், கதவு ஷெட்யூல் (கதவுகளின் பட்டியல்), கடைசியில் தலைப்புக் கட்டத்தோடு ஷீட்டுகள். பாதியில் விட்ட பத்துப் பயிற்சிகளை விட முடித்த ஒரு வீடு மேல். திருட்டுப் பதிப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள், புதிய நாட்டில் அந்த வம்பு வேண்டாம். முடித்ததைக் காட்டும்போது பிடிஎஃப் ஆகவே காட்டுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ரெவிட் கோப்பு பழைய பதிப்பில் திறக்காது, இன்டர்வியூ நடக்கும் இடத்தில் எந்தப் பதிப்பு இருக்குமோ யாருக்குத் தெரியும்.

ரெஸ்யூமில் பொய் மட்டும் வேண்டாம். தேர்ச்சி என்று எழுதினால் ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும். "ரெவிட்: அடிப்படை, ஒரு வீட்டின் முழு மாதிரி செய்திருக்கிறேன்" என்று எழுதுங்கள். அப்புறம் எட்டு வருடத்தில் தளத்தில் பார்த்ததை விரிவாக எழுதுங்கள். படிக்கட்டுக்கு அடியில் தலை இடிக்குமா, பீமுக்கும் குழாய்க்கும் மோதுமா என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தானாகத் தெரியும், அதை எந்த மென்பொருளும் கொடுக்காது. நாங்கள் ஆள் எடுப்பதும் அதற்குத்தான்.

இடையில் ஆட்டோகேட் வேலை ஒன்று கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். இங்கத்திய கட்டட விதிகளும் டிராயிங் முறையும் பிடிபட ரெவிட்டை விட அதிக நாள் ஆகும், அதை வேலையில் இருந்துதான் கற்க முடியும். சேரும் முன் அங்கே ரெவிட்டில் ஓடும் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் மாற வழி பிறக்கும். வீட்டு மாதிரியை முடித்ததும் பிடிஎஃப் அனுப்புங்கள், ஷீட் ஷீட்டாகப் பார்த்துச் சொல்கிறேன்.