இரைப்பை ஒப்பரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்து ஐந்து கிழமை. சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்க வேண்டும் என்கிறார். பலவீனம் என்று சீனிக் கஞ்சியும் குளுக்கோஸும் கொடுக்கிறோம். மீன் கிரந்தி, காயம் சீழ் பிடிக்கும் என்று பெரியம்மா தடுக்கிறார். என்ன செய்யலாம், டொக்டர்?
– ஒரு மகள், நிலாவெளி

பதில்: முதல் வேலையாக அந்தக் குளுக்கோஸை நிறுத்துங்கள், மகள்.

இரைப்பை முழுதாக இருந்தால் சாப்பாட்டைத் தேக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு விடும். அப்பாவுக்கு இப்போது அந்தத் தேக்கம் குறைவு. இனிப்பான, தண்ணியான சாப்பாடு ஒரேயடியாகக் குடலில் இறங்கி, உடம்பில் உள்ள நீரை உள்ளே இழுக்கிறது. அவருக்கு வரும் வியர்வையும் படபடப்பும் பெரும்பாலும் இதனால்தான். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் சீனி சடாரென்று இறங்கி, கையும் நடுங்கும். நீரிழிவுக் குளிசை போடுபவர் என்றால் இதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மீன் தாராளமாகக் கொடுங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். பெரியம்மாவின் பயம் விளங்குகிறது. ஆனால் மீனால் காயம் சீழ் பிடிக்காது. முன்பே மீன் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் மட்டும் தவிருங்கள். நிலாவெளிக் கரையில் பாரையும் விளைமீனும் வந்து இறங்க, அவர் கஞ்சியோடு மெலிந்துபோவது எனக்கு மனவருத்தம். ஒரு துண்டை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, விரலால் தடவி முள் எடுத்து, உதிர்த்து, ஒரு இடியப்பத்தோடு வையுங்கள். சொதி இடியப்பம் நனையும் அளவுக்குப் போதும். முதலில் மீனைச் சாப்பிடட்டும். நன்றாக மென்று, அரை மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்லை.

மூன்று நேரச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். தண்ணீரும் தேநீரும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்போ பின்போ, சீனி இல்லாமல். அவித்த முட்டை, குழைய வெந்த பருப்பு, பாணி ஊற்றாத தயிர் எல்லாம் நல்லது. பனங்கிழங்கும் முருங்கைக்காயும் இப்போது வேண்டாம். நார் உள்ளே திரண்டு அடைத்துவிடலாம். வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டில் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு விதமாக எழுதியிருந்தால், அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

வாந்தி நிற்காவிட்டால், மலம் கறுப்பாகப் போனால், காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால், மயங்கி விழுந்தால் கிளினிக் திகதிவரை பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், அடுத்த கிளினிக்கில் விட்டமின் பி12, இரும்புச்சத்து இரண்டையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரைப்பை குறைந்தவர்களுக்கு இவை உடம்பில் சேர்வது குறையும்; பி12 குறைந்தால் ஊசி போடலாம்.