ஜப்பானிய அரக்குப் பெட்டிகளின் மேலுள்ள தங்கப் பூக்கள் கையால் வரையப்பட்டவையா, அச்சிடப்பட்டவையா?

இரண்டும் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் மரபுவழிப் பெட்டியின் பூவைத் தங்க வண்ணத்தால் வரைந்தது என்று சொல்வது சரியாகாது. பூவின் வடிவத்தை அரக்கால் மெல்லிய கோடாக இழுத்து, அது காயும் முன்பே, முனையில் பட்டுத்துணி கட்டிய சிறு குழாயை விரலால் தட்டித் தங்கத்தூளை அதன்மேல் உதிர்க்கிறார்கள். இந்த வேலைப்பாட்டுக்கு ஜப்பானியர் வைத்த 'மாகி-எ' என்ற பெயருக்கே 'தூவிய சித்திரம்' என்றுதான் பொருள்.

அரக்கு என்ற நம் சொல்லும் இங்கே சற்றுக் குழப்பும். நாம் அறிந்த அரக்கு மரக்கிளைகளில் வாழும் பூச்சி சுரப்பது. ஜப்பானியரின் 'உருஷி' மரத்தைக் கீறி வடிக்கும் பால். அம்மரம் மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், சேராங்கொட்டைப் பால் பட்டதுபோல் பச்சை உருஷி பட்ட இடமும் தடித்து அரிக்கும். நன்றாக இறுகிய பின் அந்த அச்சமில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த ஒரு மரத்திலிருந்து ஒரு பருவத்தில் கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம் மட்டுமே. விலையைக் கேட்டு மலைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொரு விந்தை, உருஷி வெயிலில் காய்வதில்லை. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் பாலிலுள்ள நொதி வேலை செய்து அதை இறுக்கும் என்பதால், பூச்சு முடிந்த பெட்டியை ஈரமூட்டிய அலமாரிக்குள் வைக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இதே காத்திருப்பு.

பூக்களின் அழகுக்கு நான் காட்டும் சான்று, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, ஓவியர் ஒகாதா கோரினின் (1658–1716) எழுதுபொருள் பெட்டி. கருப்பு அரக்கின்மேல் ஐரிஸ் மலர்கள் சிப்பியிலும், இலைகள் தங்கத்திலும், அவற்றினூடே செல்லும் பலகைப் பாலம் ஈயத் தகட்டிலும் அமைந்திருக்க, காட்சி மூடியோடு நின்றுவிடாமல் பக்கங்களிலும் இறங்கி ஓடுகிறது. ஆயினும் என் மனம் கியோத்தோவின் கொதாய்ஜி கோயிலோடு தொடர்புடைய பாணியையே நாடுகிறது. 1606-இல் ஜப்பானை ஆண்ட தோயோதோமி ஹிதேயோஷியின் மனைவி, அவர் மறைவுக்குப் பின் எழுப்பிய அக்கோயிலில், தூவிய தங்கத்தை மெருகேற்றாமல் அப்படியே விட்ட செவ்வந்தியும் இலையுதிர்காலப் புற்களும் உள்ளன. அந்த எளிமையில் ஓர் அவசரமின்மை தெரிகிறது.

இனி உங்கள் கேள்விக்கு. நானும் ஒருமுறை கைவேலை என்று நம்பி, செவ்வந்திப் பூப் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். உருப்பெருக்கியில் பார்த்தபோது இதழின் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பில் இருந்தது. தூரிகையால் இழுத்த கோடு மெலிந்தும் தடித்தும் செல்லும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: வடிவத்தைத் திரை அச்சால் பதித்து, அதன்மேல் தூள் தூவும் வழக்கமும் இன்று உண்டு. ஆகவே தங்கத்தூள் தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடையில் அதே வடிவப் பெட்டி இன்னொன்றிருந்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் இதழும் அதே இடத்தில் அதே வளைவோடு இருந்தால் அது அச்சுதான்.