அய்ன் ராண்டோட தத்துவத்துல நண்பர்களுக்கு எப்படி ஆர்வம் வர வைக்கிறது?

ராண்ட் ஒரு அமெரிக்க நாவலாசிரியர், தன் தத்துவத்த கதைகள் வழியா சொன்னவங்க. ஆனா எடுத்த எடுப்புலயே "தன்னலம்தான் சரி, தியாகம் தப்பு"ன்னு ஆரம்பிக்காதீங்க, சின்ன வயசுலேந்து விட்டுக்கொடுக்குறதுதான் நல்ல குணம்னு கேட்டு வளர்ந்தவங்க அஞ்சு நிமிஷத்துல சண்டைக்கு வந்துடுவாங்க, அதுல அவங்க மேல தப்பே இல்ல. அவங்க நாவல்ல வர்ற பீட்டர் கீட்டிங்ங்கிற ஆள்கிட்டேந்து ஆரம்பிங்க.

1943ல வந்த ஃபவுண்டன்ஹெட் நாவல்ல, யாருக்காகவும் தன் டிசைன மாத்திக்காத ஆர்க்கிடெக்ட் ஹோவர்ட் ரோர்க்தான் ஹீரோ. ஆனா புதுசா படிக்கிறவங்க இப்படி எவன் இருக்கான் உலகத்துலன்னு கேப்பாங்க. கீட்டிங் அப்படி இல்ல, நமக்கு நல்லா தெரிஞ்ச ஆளு. ஓவியனாகணும்னு ஆசை, அம்மாவுக்காக ஆர்க்கிடெக்ட் ஆகுறான். கேத்தரின்னு ஒரு பொண்ண உண்மையா விரும்புறான், ஆனா ஊர் மெச்சும்னு டொமினிக்னு இன்னொருத்திய கட்டிக்கிறான். ஆபீஸ்ல மேல இருக்கவங்கள காக்கா பிடிச்சு, வழில நிக்கிறவங்கள தள்ளிவிட்டு பார்ட்னர் ஆகுறான், கஷ்டமான டிசைன் வந்தா மட்டும் ரோர்க்கிட்ட ஓடுவான்.

இவ்ளோவும் சொல்லிட்டு, இவன் சுயநலக்காரனா இல்லையான்னு கேளுங்க. கிட்டத்தட்ட எல்லாருமே ஆமான்னுதான் சொல்வாங்க. சரி, இதுல அவன் தனக்காக செஞ்சது எதுன்னு அடுத்து கேளுங்க. படிப்பு அம்மாவுக்கு, கல்யாணம் ஊருக்கு, வேலை கைதட்டுக்கு, அவன்னு ஒருத்தனே அங்க இல்லையே! தனக்குன்னு சொந்தமா ஒரு ஆசை, ஒரு முடிவு இருக்குறதத்தான் ராண்ட் தன்னலம்னு சொல்றாங்க, அவங்க தத்துவத்தோட வாசல் இதுதான். நாவல் முடியப் போற நேரத்துல, மார்க்கெட் போன கீட்டிங், யாருக்கும் தெரியாம வரைஞ்சு வச்ச படங்கள ரோர்க்கிட்ட கொண்டுவந்து காட்டுவான், ரோர்க் பாத்துட்டு ரொம்ப லேட் ஆயிடுச்சு பீட்டர்னு சொல்வான், தெரியும்னு கீட்டிங் சொல்வான். அந்த ஒரு பக்கத்த மட்டும் படிக்கக் கொடுங்க, பிடிக்காத வேலைல மாட்டிட்டு இருக்கவங்களுக்கு நீங்க வேற எதுவும் விளக்க வேண்டியதில்ல.

அப்புறம் கண்டிப்பா வர்ற கேள்வி, அப்போ யாருக்கும் உதவவே கூடாதான்னு. ராண்ட் அப்படி சொல்லல. 1964ல ஒரு பேட்டில, தகுதியான ஆளுக்கு உன்னால முடிஞ்சா உதவுறதுல தப்பில்ல, ஆனா அது கடமையோ பெரிய அறமோ இல்லன்னுதான் சொன்னாங்க. மத்தவனுக்காக நீ வாழாத, உனக்காக அவன வாழச் சொல்லாத, இதுதான் ராண்ட் சொல்றது, இந்த ரெண்டாவது பாதிய நிறைய பேர் சொல்லாம விட்டுடுறாங்க. ராண்டுக்கு தியாகம்னாலே இவ்ளோ கோவம் எங்கேந்து வந்துச்சுன்னும் சொல்லுங்க: 1905ல ரஷ்யாவோட செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பிறந்தவங்க, அப்பாவோட மருந்துக்கடைய மக்கள் பேர சொல்லி, புரட்சி பண்ணி ஆட்சிக்கு வந்த போல்ஷெவிக் கம்யூனிஸ்டுகள் பிடுங்கிக்கிட்டாங்க, 1926ல அமெரிக்கா போயிட்டாங்க.

அதே சமயம் முட்டு கொடுக்காதீங்க. அந்த நாவல்கள்ல குழந்தை வளர்க்குறது, வயசான பெத்தவங்கள பாத்துக்குறதெல்லாம் அநேகமா கிடையவே கிடையாது, எனக்கு அது பெரிய ஓட்டையாதான் படுது, நண்பர் அதக் கேட்டா நியாயமான கேள்வின்னு ஒத்துக்கோங்க. ராண்டோட நெருங்கிய சீடர் நதானியல் பிராண்டன் 1958லேந்து நியூயார்க்ல இந்த தத்துவத்துக்கு வகுப்பு நடத்தி நிறைய பேர சேத்தாரு, ஆனா அந்த வட்டத்துல ராண்டோட ஒத்துப்போகாதவங்களுக்கு இடமில்லாம போச்சு, 1968ல பிராண்டனையே அவங்க விலக்கி வச்சாங்க, வகுப்புகளும் அதோட நின்னு போச்சு. தன் புத்தியால யோசின்னு சொல்ற தத்துவத்த மனப்பாடம் பண்ண வைக்கிறத விட மோசமான வழி வேற இல்ல.

புத்தகம்னா முதல்ல ராண்டோட ஆன்தம்ங்கிற சின்ன நாவல கொடுங்க, ஒரே உக்கார்ல முடிச்சிடலாம். பிடிச்சா ஃபவுண்டன்ஹெட். 1957ல வந்த அட்லஸ் ஷ்ரக்ட் நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல, அத கடைசியா வச்சுக்கோங்க, அதுல ஹீரோ ஜான் கால்ட்டோட ரேடியோ பேச்சு மட்டுமே ஏறக்குறைய அறுபது பக்கம் போகும், முதல் தடவ அத தாண்டிட்டு கதைய முடிக்கலாம்னு சொல்லியே கொடுங்க.