குளச்சல் போரும் ஒரு நாழி அரிசியும்

அன்புள்ள ஐயா,

தக்கலைப் பக்கம் இருக்கிறோம். பையனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. வரலாறு என்றாலே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்று, இந்த லீவில் குளச்சல் போரை முற்றத்தில் நடிக்க வைத்தேன். தென்னை மட்டைதான் வாள். டச்சுக்காரனாக இருக்க இரண்டு பேருக்கும் மனமில்லை, கடைசியில் நிஜ அடியாகிவிட்டது. அடுத்து, மேலாடை உடுக்கும் உரிமை மறுக்கப்பட்ட பெண்களின் தோள்சீலைப் போராட்டத்தை எடுக்க நினைக்கிறேன். இது சரியான வழிதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சரியான வழிதான், விட்டுவிடாதீர்கள். சண்டையை மட்டும் சுருக்கிக்கொள்ளுங்கள். 1741 ஆகஸ்டில் டச்சுக்காரர்கள் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையின் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். வெடிமருந்தில் பற்றிய தீ அரிசிக் கையிருப்பையும் தின்றுவிட, வேறு வழியில்லாமல் சரணடைந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இதை வாளை வைத்து நடிக்க முடியாது. முற்றத்தில் ஒரு நாழி அரிசியை வையுங்கள். பையன் டச்சுத் தளபதி டிலனாய் ஆகட்டும். பத்துப் பேருக்கு எத்தனை நாள் வரும் என்று அவனே அளந்து பங்கு போடட்டும். பாதியில் நீங்கள் வந்து அரிசியில் பெரும்பங்கை அள்ளிக்கொண்டு போங்கள். இனி என்ன செய்வாய் என்று கேளுங்கள். டச்சுக்காரனாக இருக்கமாட்டேன் என்ற பிடிவாதம் அந்த இடத்தில் இளகும்.

அப்புறம் மகளின் முறை. அவள் மார்த்தாண்ட வர்மா. பிடிபட்டவனை என்ன செய்வது? அவள் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நடந்ததைச் சொல்ல வேண்டும்: அதே டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆகி, 1777-இல் இந்த மண்ணிலேயே இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை உங்களுக்குப் பக்கம்தானே. அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. தமிழைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கல்லின் மேல் தாள் வைத்துத் தேய்க்க மட்டும் விடாதீர்கள்.

தோள்சீலையை நடிக்க வேண்டாம். அதில் ஒரு பிள்ளை அவமானப்படுத்த வேண்டும், இன்னொன்று அவமானப்பட வேண்டும். ஏழு வயதில் அது விளையாட்டாக நிற்காது. அந்தக் காலத்தில் எதிரெதிரே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் ஊரில் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். முற்றத்தில் பழகிய வேஷத்தை மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்விடுவார்கள்.

நடிக்க வேண்டுமென்றால் தலைப்பாகையை எடுங்கள். அதைக் கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைத் தலை நிமிர்ந்து கட்டச் சொன்னவர் அய்யா வைகுண்டர். துண்டை எடுத்து இரண்டு பேரும் கட்டிப் பழகட்டும், நழுவாமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு அவருடைய வழிபாட்டுத்தலமான பதி இருக்கும் சாமித்தோப்புக்குக் கூட்டிப்போங்கள். ஆண்கள் இன்றைக்கும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகையோடுதான் பதிக்குள் போகிறார்கள். ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். தோள்சீலையைச் சொல்ல அதுதான் நேரம். உட்கார வைத்து, நிதானமாகச் சொல்லுங்கள். 1859-இல் வந்த அரசாணை மேலாடை உடுக்கலாம் என்றது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுப்பது போல உடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அதையும் மறைக்க வேண்டாம்.